வெயிலின் அருமை கண்ட வைத்தியர்

நிழலின் அருமை வெயிலிலே தெரியும் என்பர். வெயிலின் அருமை எங்கே தெரியும் என்று வினவுவார் நம்மிடையே இலர். வினவவேண்டிய தேவையும் நமக்கு நேர்ந்ததில்லை. சித்திரை வைகாசியில் மட்டக்களப்பு வாவியின் நீர் கண்ணைக் கூசச்செய்யக், கல்லடிக் கடற்கரை மணல் காலைச் சுட, நிழல் நாடி ஓடும் மக்கள் நாம். ஆயினும், ஞாயிற்றின் ஒளி போதாமையினாலே குழந்தைகளின் எலும்பு வளைந்த நாடுகள் உண்டு. அந்நோய்க்கு அதுவே காரணம் என்று, உலகப் படத்தை விரித்துவைத்துக் காட்டினாற்போல எடுத்து விளக்கிய வைத்தியர் ஒருவர், நமது இலங்கைத் தீவிலே, கொழும்பு மாநகரிலே, 1848ஆம் ஆண்டிற் பிறந்தவராவர். தியோபால்ட் ஏட்ரியன் பால்ம் என்பது அவர் பெயர். மருத்துவ வரலாறு கற்றோர் நன்கறிந்த அப்பெயர் அவர் பிறந்த மண்ணிலே வழங்காதிருத்தல் வியப்பினைத் தருகின்றது.

பால்ம் என்னும் குடிப்பெயர் பனையினத்தைக் குறிப்பது. ஈழத்தமிழர்க்கு இப்பெயர் அந்நியமாகத் தோன்றவேண்டியதில்லை. அவர் தந்தையார் கொழும்பிலிருந்த ஒல்லாந்தத் திருச்சபையின் குருவானவர். ஒல்லாந்தர் இந்நாட்டிலே முதன்முதற் கைப்பற்றிய கோட்டை நமது மட்டக்களப்புக் கோட்டையே; ஆண்டு 1638. அவர்தம் ஆட்சி 1796இல் முடிவெய்திய பின்னரும் அவர்களுடைய சபை இங்கே நிலைத்திருந்தது. அச்சபையின் வரலாற்றையும், ஒல்லாந்தர் நடாத்திய பாடசாலைகளின் வரலாற்றையும் ஆராய்ந்து, அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை வெளியிட்ட சஞ்சிகையிலே தந்தையார் எழுதியுள்ளார். பழைய ஏடுகளைப் புரட்டி உண்மை தேடும் அவ்வியல்பு மகனிடத்திலே வேறொரு வடிவில் வெளிப்பட்டதெனலாம். தந்தை தேடியது ஆவணங்களில். மகன் தேடியது நோயாளரின் ஊரிலும் பருவத்திலும்.

பால்ம் மருத்துவங் கற்றது ஸ்கொத்லாந்திலுள்ள எடின்பரோ நகரில். அறுத்த புண்ணிலே சீழ்பிடியாவண்ணங் கார்பொலிக் அமிலத்தாற் காக்கும் முறையை வகுத்த ஜோசப் லிஸ்டர் 1869 முதல் 1877 வரை அந்நகரப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய் விளங்கினார். அம்முறை அன்று புதுமை. அதனை எள்ளினோரும் உளர். கல்வி முடித்த பால்ம், எடின்பரோ மருத்துவ மிசன் சங்கத்தாரால் 1874ஆம் ஆண்டு யப்பானுக்கு அனுப்பப்பட்டார். அந்நாட்டிலே கிறித்தவ சமயத்தின்மீதிருந்த தடை அதற்கு முந்திய ஆண்டிலேதான் தளர்ந்திருந்தது. புதிய நாட்டில் அடிவைத்த சிறிது காலத்துள் மனைவியையும் குழந்தையையும் அவர் சாவுக்குக் கொடுத்தார். அப்பொழுது அவருக்கு வயது 26. பிறராயின் கப்பலேறித் திரும்பியிருப்பர். அவர் தலைநகரை விட்டு, இன்னும் தொலைவான ஓரிடத்தைத் தெரிந்துகொண்டார்.

அவ்விடம் நீகத்தா என்னும் துறைமுகம். யப்பானின் மேற்குக் கரையிலே சினானோ என்னும் பேராறு கடலொடு கலக்குமிடத்தில் அமைந்தது. 1869இலே பிறநாட்டார்க்குத் திறந்துவிடப்பட்டதாயினும், வந்து தங்கிய பிறநாட்டார் மிகச் சிலரே. குளிர்காலத்திற் பனி குவியும் பிரதேசம் அது. 1875இலே அங்கு குடியேறிய பால்ம் எட்டு ஆண்டளவு அங்கேயே பணிபுரிந்தார். பௌத்த மக்களிடமிருந்து தொடக்கத்திற் கடும் எதிர்ப்பு எழுந்தது. அவர் உள்ளூர் வைத்தியர்களைப் பகைக்காமற் கூட்டுச்சேர்த்துக்கொண்டார். லிஸ்டரின் முறையை அவர்களுக்குங் காட்டிக்கொடுத்தார். நகரத்தில் இருந்தபடியே நோயாளர் வருகையைக் காத்திராது, சுற்றுப்புறக் கிராமங்களுக்குக் காலம் வகுத்துச் சென்றார். அவருக்குத் துணையாய் நின்ற யப்பானிய இளைஞராகிய ஒசிக்காவா மசயோசி என்பவர் பிற்காலத்திற் செந்தாய் நகரிலே பெயர்பெற்ற கல்லூரியொன்றை நிறுவியவர். உலகஞ் சுற்றிய ஆங்கில மாது இசபெல்லா பேர்ட் 1878இல் நீகத்தாவுக்கு வந்து, பால்மின் வைத்தியசாலையைக் கண்டு, தமது பயணநூலிலே அதனைச் சிறப்பித்து எழுதியுள்ளார்.

அதே 1878இலே பால்ம் எழுதிய கட்டுரையொன்று எடின்பரோ மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது. பின்னால் வரும் பெரிய செயலுக்கு இதுவே பயிற்சிக்களம் ஆதலின் இங்கே சிறிது தங்கிச் செல்வோம். நீகத்தாவின் ஆற்றங்கரைகளிலே, கோடைவெள்ளம் வடிந்தபின், புல்லும் சணலும் அறுக்கச் செல்வோர்க்கு ஒரு கொடுங் காய்ச்சல் வருவதுண்டு. உடம்பில் ஓரிடத்திற் கறுத்த சிறு பொருக்குத் தோன்றும், நெறி கட்டும், பின்னர் காய்ச்சல் ஏறும், பலர் மடிவர். ஆற்றிடைத் தீவுகளில் வாழுங் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்தலால் வருவதென்று அவ்வூரார் நம்பினர். அப்பூச்சித் தெய்வத்துக்குச் சிறு கோயிலெடுத்து வழிபட்டாருமுளர். வெப்புநோய் கண்ட காலத்திற் கண்ணகை அம்மனைக் குளிர்த்திபாடி வேண்டும் நமது நாட்டார்க்கு இவ்வழக்கம் விளங்காததன்று. படித்த மேனாட்டு வைத்தியர் பலர் இத்தகைய பேச்சை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவர். பால்ம் அங்ஙனஞ் செய்திலர். எந்த ஊரில், எந்தத் திங்களில், எத்தொழில் செய்வோர்க்கு வருகின்றது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். மேனாட்டு மருத்துவ உலகுக்கு அந்நோய் அறிமுகமானது அவருடைய அக்கட்டுரையாலேயே. சிற்றுண்ணியின் இளம்புழு கடித்தலால் வருவது அந்நோய் என்று பின்வந்த யப்பானிய அறிஞர் நிறுவினர். ஊரார் சொன்னது ஏறக்குறைய உண்மையாயிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நமது இலங்கைக் காடுகளிற் பயிற்சிபெற்ற படைவீரரையும் அதே காய்ச்சல் வருத்தியது.

1880களிலே பால்ம் பிரித்தானியாவுக்குத் திரும்பி, இங்கிலாந்தின் வடபாலுள்ள கம்பர்லாந்துப் பகுதியில், விக்டன் என்னும் சிறு நகரில் வைத்தியத் தொழிலை மேற்கொண்டார். அங்கே அவர் கண்ட குழந்தைகளே அவர் வாழ்வின் பெருங்கேள்வியை எழுப்பினர். கால்கள் வில்லாய் வளைந்தன. மணிக்கட்டுகள் முடிச்சிட்டாற்போற் பருத்தன. நெஞ்செலும்பு புறாவின் மார்புபோல முன்னே துருத்தியது. உச்சிக்குழி மூடவேண்டிய காலத்தில் மூடிற்றில்லை. றிக்கெற்ஸ் என வழங்கும் நோய் அது. பிரான்சிஸ் கிளிசன் என்னும் ஆங்கில மருத்துவர் 1650ஆம் ஆண்டிலே அதைப்பற்றி ஒரு பெருநூல் எழுதியிருந்தார். ஆகவே நோய் புதிதன்று. ஆயினும், புகைபோக்கிகள் நிறைந்த தொழில் நகரங்கள் பெருகிய நூற்றாண்டில் அது கொள்ளைநோய்போற் பரவியது. இந்நோய் காலை வளைப்பதோடு நிற்பதன்று. பெண்மகவின் இடுப்பெலும்பு சிறுத்துக் கோணுமாயின், அவள் தாயாகுங் காலத்திலே பிள்ளை வெளிவர வழியிராது. 1888இலே கிளாஸ்கோ நகரில் வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுக்கும் சிகிச்சை வெற்றியுடன் செய்யப்பட்டதென மருத்துவ வரலாறு பாராட்டுகின்றது. அச்சிகிச்சைக்கு உள்ளான ஏழைப்பெண் இந்நோயாற் குறுகிக் கோணிய உடம்பினள். எத்தனையோ தாய்மார் அத்தகைய உதவியும் இன்றி மடிந்தனர்.

பால்மின் உள்ளத்திலே எழுந்த வினா எளிமையானது. யப்பானில் இத்தனை ஆண்டு ஆயிரமாயிரம் நோயாளரைக் கண்டோமே. இந்நோயை அங்கே ஏன் கண்டிலோம்? இவ்வினாவை அவரளவு தகுதியோடு கேட்கக்கூடியவர் அந்நாளிற் சிலரே. இங்கிலாந்திலேயே பிறந்து அங்கேயே தொழில்புரிந்த வைத்தியர்க்கு வளைந்த கால் அன்றாடக் காட்சி. கீழ்த்திசையிலேயே இருந்துவிட்டவர்க்கோ அந்நோய் பெயரளவே. இரண்டிடத்தையும் கண்ட கண் பால்மினுடையது.

அக்காலத்து வைத்தியர் பலர் சொன்ன காரணங்கள் வறுமை, போதாத உணவு, அழுக்கு, நெருங்கிய குடியிருப்பு, பெற்றோர்வழி வந்த குறை என்பன. பால்ம் இவற்றை ஒவ்வொன்றாய் எடுத்து நிறுத்தார். யப்பானிய உழவன் உண்பது சிறிது. பாலும் இறைச்சியும் அவன் வீட்டில் அரிது. வடிகாலுந் துப்புரவுங் குறைவு. இத்தனை குறைகளிருந்தும் அவன் பிள்ளையின் கால் நேராகவே வளர்ந்தது. பிரித்தானியத் தொழிலாளியின் பிள்ளையோ அதனினும் மேலான உணவுண்டும் வளைந்தது. தம் கண்ணால் மட்டும் முடிவு கட்டாது, சீனம், இந்தியா, இலங்கை முதலிய நாடுகளில் மருத்துவப் பணிபுரிந்தோரின் செய்திகளையும் அவர் ஒன்றுதிரட்டினார். அத்திக்குகளிலிருந்து வந்த விடைகள் ஏறக்குறைய ஒரே திசையைக் காட்டின: நோய் இல்லை, அன்றேல் மிக அரிது. அதே வேளையிற் பிரித்தானிய மருத்துவச் சங்கத்தார் நாடெங்கும் வினாவித் திரட்டிய செய்திகளை 1889இலே படமாக்கி வெளியிட்டிருந்தனர். அப்படத்திலே தொழில் நகரங்களும் சுரங்கப் பகுதிகளும் நோயாற் செறிந்தும், நாட்டுப்புறங்கள் பெரும்பாலும் நோயற்றும் விளங்கின. இரண்டையும் பால்ம் பொருத்திப் பார்த்தார். நோயுள்ள இடங்களுக்கெல்லாம் பொதுவாயிருந்தது ஒன்றே. முகிலும் புகையும் மூடிய வானம். ஞாயிறு எட்டிப்பாராத ஒடுங்கிய சந்துகள்.

1890ஆம் ஆண்டு தி பிராக்டிசனர் என்னும் மருத்துவ இதழிலே, றிக்கெற்ஸ் நோய் உலகிற் பரந்திருக்கும் வகையும் அதன் காரணமும் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை வெளிவந்தது. கதிரொளிக் குறைவே தலையாய காரணம் என்று அதிலே துணிந்தார். துணிந்ததோடு அமையாது, செய்யவேண்டியவற்றையும் வகுத்துரைத்தார். நோயுற்ற பிள்ளைகளைப் பெருநகரங்களிலிருந்து வெயிலுள்ள இடங்களுக்குக் கொண்டுசெல்லல் வேண்டும் என்றார். வெயிற்குளியலை முறையாக மேற்கொள்ளல் வேண்டும் என்றும், கதிரொளி உடல்நலத்துக்கு உறுதுணை என்பதைப் பொதுமக்களுக்குக் கற்பித்தல் வேண்டும் என்றும் எழுதினார். இவற்றினுஞ் சிறந்ததாக எமக்குத் தோன்றுவது அவருடைய மற்றொரு வேண்டுகோள். அந்நாளில் வெயிலை அளக்க ஒரு கண்ணாடிக் குண்டினைப் பயன்படுத்தினர். அது கதிர்களைக் குவித்து அட்டையிலே சுட்டுத் தடம் பதிக்கும். அது காட்டுவது கதிரின் சூட்டை. உடம்பில் வேலைசெய்வது சூடன்று, கதிரின் இரசாயன ஆற்றலே என்று கருதிய பால்ம், அதனை அளக்கும் கருவியை மக்கள் நெருங்கிய நகரங்களில் வைக்கவேண்டும் என்றார். புறவூதாக் கதிரின் தொழிலை எவரும் தெளிவாய் அறியாத காலத்திலே எழுந்த எண்ணம் இது.

கட்டுரை வந்தது, கவனிப்பார் இல்லை. அதன் காரணத்தை ஊகித்தல் கடினமன்று. எழுதியவர் பேராசிரியரல்லர், நாட்டுப்புறச் சிறு நகர் வைத்தியர். அஃதன்றியும், 1890ஆம் ஆண்டு மருத்துவ உலகம் முழுவதும் கிருமி தேடுங் காலம். சயரோகக் கிருமியைக் கண்ட கொக் என்பாரின் பெயரே எங்கும் ஒலித்த ஆண்டு. எதற்குங் கிருமியே காரணம் என்று கருதியிருந்தோர்க்கு, ஒன்று இருத்தலால் அன்றி ஒன்று இல்லாமையால் நோய் வரும் என்பது உரைக்கவில்லை. போலந்து நாட்டறிஞர் ஸ்னியாதெஸ்கி 1822இலேயே நகரத்துப் பிள்ளைகள் வெயிலின்மையால் இந்நோயுறுகின்றனர் என எழுதியிருந்தார்; அதுவும் மறந்துபோயிற்று. ஏறக்குறைய 30 ஆண்டு பால்மின் சொல் அச்சிலேயே உறங்கியது. அந்த 30 ஆண்டிற் பிறந்து வளைந்த பிள்ளைகளை எண்ணிப் பார்க்குங்கால் நெஞ்சு பொறுக்கவில்லை.

பின்னர் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாய்த் திறந்தன. 1919இலே பெர்லின் நகரத்து மருத்துவர் குல்ட்சின்ஸ்கி, இரசவாயு விளக்கின் புறவூதாக் கதிரைக் குழந்தைகள்மேற் பாய்ச்சி நோயைத் தீர்த்தார். ஒரு கையின்மேல் ஒளி பட மற்றைக் கையின் எலும்பும் தேறியது. எனவே ஒளி பட்ட தோலிலே ஏதோ ஒரு பொருள் உண்டாகி உடம்பெங்கும் ஓடுகின்றதென்பது தெளிவாயிற்று. அதே காலத்தில் இங்கிலாந்திலே மெலன்பி என்பார் நாய்க்குட்டிகளை வீட்டினுள்ளே வைத்துக் கூழூட்டி இந்நோயை உண்டாக்கி, கொட் என்னும் மீனின் ஈரலெண்ணெய் கொடுத்துத் தீர்த்தார். அமெரிக்காவில் மக்கொலம் 1922இலே அவ்வெண்ணெயிலுள்ள காரணப்பொருளைப் பிரித்தறிந்து விற்றமின் டி எனப் பெயரிட்டார். ஒருசாரார் வெயில் என்றும், ஒருசாரார் உணவு என்றும் வாதிட்டுக்கொண்டிருந்தது ஒரே பொருளைப்பற்றி என்பது அதன்பின்னரே விளங்கியது. உணவின் பங்கைப் பால்ம் குறைத்து மதித்தார் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். யப்பானியர் மீன் மிகுதியும் உண்பவர். அம்மீனும் அவர் பிள்ளைகளைக் காத்திருத்தல் கூடும். வாவியும் கடலும் அணைத்துக் கிடக்கும் நாவற்குடாவிலிருந்து எழுதும் எமக்கு, சூடையும் சாளையும் செய்யும் உதவியை மறைக்க மனம் வரவில்லை.

பால்ம் 1928ஆம் ஆண்டு தை மாதத்திலே, தமது 80ஆம் அகவையை எட்டுந் தறுவாயிற் காலமானார். அதே ஆண்டிலே, விற்றமின் டியின் இரசாயன அமைப்போடு தொடர்புடைய ஆராய்ச்சிக்காக யேர்மனிய அறிஞர் விண்டவுஸ் நோபெல் பரிசு பெற்றார்.

இன்று நாம் அறிந்தது இது. தோலிலுள்ள கொழுப்புவகைப் பொருளொன்று புறவூதாக் கதிராற் தாக்கப்பட்டு விற்றமின் டி ஆகின்றது. ஈரலிலும் சிறுநீரகத்திலும் அது மேலும் மாறி, குடலிலிருந்து கல்சியத்தை இரத்தத்திற் சேர்க்கும் ஆற்றலைப் பெறுகின்றது. குறைந்தாற் பிள்ளைகட்கு றிக்கெற்ஸ். வளர்ந்தோர்க்கு என்பு நோவும் தசைத்தளர்ச்சியும். மனச்சோர்வுக்கும் இதுவே மருந்து என்று சிலர் கூறிவருகின்றனர். மூளையிலும் இவ்விற்றமினை ஏற்கும் இடங்கள் உள என்பது உண்மை. ஆயினும் அமெரிக்காவிலே 50 வயது கடந்த 18,000 பேருக்கு மேற்பட்டோரை ஐந்தாண்டளவு பார்த்து 2020இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நாள்தோறும் விற்றமின் டி உண்டவர்க்கும் உண்ணாதவர்க்கும் மனச்சோர்வு வேறுபடவில்லை. இருண்ட மாரிகாலத்தில் வரும் மனச்சோர்வுக்கு ஒளியைக் கொண்டு வைத்தியஞ் செய்வதுண்டு. அங்கே வேலைசெய்வது கண்வழிப் புகும் ஒளி. தோல்வழி வரும் விற்றமின் அன்று. இரண்டையும் குழப்புதல் தகாது.

நம்மூரிற் பிறந்த பிள்ளைக்கு எண்ணெய் பூசி இளவெயிலிற் கிடத்தும் வழக்கத்தை முன்னோர் அறிவென்று போற்றுவோம். போற்றத்தக்கதே. ஆயினும் ஞாயிறு தாழ்ந்திருக்கும் விடியற்காலையிற் புறவூதாக் கதிர் மிகக் குறைவு. நம் நிழல் நம்மினுங் குறுகும் வேளையிலேதான் அது நிறைவாய் வரும். கறுத்த தோலுக்குக் கூடிய நேரம் வேண்டும். கண்ணாடி யன்னலூடாக வரும் வெயில் ஒளிதருமேயன்றி இவ்வேலையைச் செய்யாது. விடியுமுன் தனியார் வகுப்பு, பகலிற் பாடசாலை, மாலையில் மீண்டும் வகுப்பு என்று கூரையிலிருந்து கூரைக்கு மாறும் நம் மாணவர், வெயில் நாட்டிலிருந்தும் வெயில் காணாதார். தெற்காசிய நாடுகள் பலவற்றில் நிகழ்ந்த இரத்தப் பரிசோதனைகள் இக்குறையைக் காட்டுகின்றன. எவ்வளவு வெயில் போதும் என்பதை ஒவ்வொருவர் உடல்நிலையும் நோக்கி வைத்தியரே கூறவேண்டும். தோல் கருகும்வரை நிற்பதும் பச்சிளங் குழந்தையை உச்சிவெயிலிற் கிடத்துவதும் பேதைமை.

பால்ம் விரும்பிய அளவுகோலுங் கிடைத்துவிட்டது. 1992இலே கனடா நாட்டார் புறவூதாச் சுட்டெண் என ஒன்றை வகுத்தனர். உலக சுகாதார நிறுவனமும் பின்னர் அதனை ஏற்றது. அது இன்று பெரும்பாலும் வெயிலுக்கு அஞ்சுவோர்க்கே எச்சரிக்கையாகப் பயன்படுகின்றது. அவர் கையாண்ட ஒப்புநோக்கு முறையும் மறையவில்லை. இலங்கையர் பலர் போரினாலும் பிழைப்பினாலும் நோர்வே நாட்டிற் குடியேறினர். ஒஸ்லோவில் வாழும் இலங்கையரையும் கண்டியில் வாழ்வோரையும் எடுத்து, அவர்தம் இரத்தத்திலுள்ள விற்றமின் டியை ஆராய்ந்தோர் 2008இலே முடிவை வெளியிட்டனர். ஒஸ்லோவிலிருந்தோர்க்கு அது கண்டியிலிருந்தோரினும் மிகக் குறைவாயிருந்தது.